‘எடுத்துடலாம்’ என்று சொன்ன கடைவாய்ப்பல்: ஈறு நோய் முற்றிய பிறகு என்னவெல்லாம் செய்யலாம்

ஆடுகிற கடைவாய்ப்பல்லைக் காட்டப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது ‘எடுத்துடலாம்’ என்பதுதான். எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆறு வருஷம் முன்னால், 48 வயதில், பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம், வாயில் எந்நேரமும் ஒரு கெட்ட வாடை (இதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது என் மனைவி), வலது பக்கம் முறுக்கு கடித்தால் பல் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு உணர்வு. போன இடத்தில் முழுத்தாடை எக்ஸ்ரேவை ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டையும் எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பல்லைத் தொட்டு யாரும் அளக்கவே இல்லை. மனசு ஒப்பவில்லை. ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஓ.பி. சீட்டு போட்டு, ஈறு சிகிச்சைப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்தேன்.

கீழ்ப்பல் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது. மேல்பல் போய்விட்டது. ஒன்று ஏன் பிழைத்தது, இன்னொன்று ஏன் போனது என்று அங்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அப்புறம் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பல்லைப் பார்க்காமல் அதற்கு என்ன செய்யலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

கவட்டைதான் பிரச்சினை

முன்பல்லுக்கு ஒரே வேர். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு, மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று. மரத்தில் கிளை பிரிகிற கவட்டை மாதிரி இந்த வேர்கள் பிரிகிற இடத்தை டாக்டர்கள் ஃபர்கேஷன் என்பார்கள். நல்ல வாயில் அந்தக் கவட்டை எலும்புக்குள் புதைந்து கிடக்கும், அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஈறு நோயில் எலும்பு கரைந்து கீழே இறங்க இறங்க, ஆற்றங்கரையில் மண் அரித்துப்போய் மரத்தின் வேர் வெளியே தெரிகிற மாதிரி, கவட்டை திறந்துகொள்கிறது. திறந்ததும் உள்ளே கிருமிப் படலமும், அது இறுகிக் கல்லாகிற காரையும் குடியேறும். நம் பிரஷ் அங்கே போகாது. டாக்டரின் கருவிக்கே அது கஷ்டம்: பெரும்பாலான கடைவாய்ப்பற்களில் அந்தக் கவட்டையின் வாய் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம், காரை சுரண்டும் வழக்கமான க்யூரெட்டின் முனையோ கிட்டத்தட்ட அதே அளவு, சில சமயம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். ஊசிக் காதுக்குள் சணல் கயிற்றை நுழைக்கிற வேலை.

கீழ்ப்பல்லில் கவட்டைக்கு இரண்டு வாசல்: கன்னப் பக்கம் ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று. மேல்பல்லில் மூன்று, அதில் இரண்டு பக்கத்துப் பற்களைப் பார்த்தபடி ஒளிந்திருக்கும். அதனால்தான் மேல் கடைவாய்ப்பல் எப்போதுமே கூடுதல் சிக்கல். இனி நான் சொல்லப் போகிற எல்லாச் சிகிச்சையையும், வெட்டுவதோ வெட்டாததோ, ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது. அந்தக் கவட்டைக்குள் டாக்டரின் கை இன்றைக்கு எட்டுமா, நம் கை நாளை முதல் தினமும் எட்டுமா?

முதலில் அளக்கச் சொல்லுங்கள்

எக்ஸ்ரேவை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. எக்ஸ்ரே தேவைதான், ஆனால் முழுத்தாடைப் படத்தில் கவட்டை சரியாகத் தெரியாது, மேல்பல்லில் மூன்றாவது வேர் குறுக்கே விழுந்து மறைத்துவிடும். அந்தப் பல்லுக்கென்று தனியாக எடுக்கும் சின்னப் படம் வேண்டும். மேல்பல்லில் அறுவைசிகிச்சை யோசிக்கிறார்கள் என்றால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாணப் படம் சில நேரம் உதவும்.

அளப்பது இப்படி. ப்ரோப் என்ற மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால், ரத்தமும் இல்லாவிட்டால், கவலை இல்லை. 4, 5 என்றால் கவனிக்க வேண்டிய இடம். 6, அதற்கு மேல் என்றால் ஆழமான பை, முற்றிய நோய். இது எல்லாப் பல்லுக்கும் பொது. கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் இன்னொரு கருவி உண்டு: கொக்கி மாதிரி வளைந்த நேபர்ஸ் ப்ரோப், 3 மில்லிமீட்டருக்கு ஒரு பட்டை போட்டிருக்கும். முதுகலை படிக்கிற பெண் டாக்டர் ஒருவர் அதைக் கன்னப் பக்கமாக என் கீழ்ப்பல்லின் நடுவில் நுழைத்துப் பக்கவாட்டில் திருப்பினார், ஏதோ குழிக்குள் விழுந்த மாதிரி அது உள்ளே போனது எனக்கே தெரிந்தது. ‘ஃபோர் சிக்ஸ், பக்கல், கிரேடு டூ’ என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர் எழுதிக்கொண்டார். ஃபோர் சிக்ஸ் என்பது கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லின் எண், பக்கல் என்றால் கன்னப் பக்கம்.

அந்த கிரேடுதான் முக்கியம். கொக்கி பக்கவாட்டில் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் முதல் கிரேடு. அதைத் தாண்டிப் போகிறது, ஆனால் மறுபக்கம் வரவில்லை என்றால் இரண்டு. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் மூன்று, சுரங்கம் மாதிரி திறந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் சீட்டில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் ஆட்டம். லேசாகப் பக்கவாட்டில் ஆடுகிறதா, 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடுகிறதா, அல்லது அழுத்தினால் மேலும் கீழுமாகவே போய் வருகிறதா என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கடைசி வகை கெட்ட செய்தி.

இன்னொரு பரிசோதனையை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பல்லுக்குள் நரம்பு செத்துப்போயிருந்தாலும் கவட்டையில் எலும்பு கரையும், எக்ஸ்ரேவில் அச்சு அசலாக ஈறு நோய் மாதிரியே தெரியும். பல்லில் குளிர்ச்சி வைத்து நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. நரம்புதான் காரணம் என்றால் ரூட் கெனால் செய்ததுமே அந்த எலும்பு தானாகக் கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஈறைத் தொடவே வேண்டாம். அதே மாதிரி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக 9, 10 என்று இறங்கினால் வேரில் விரிசலோ என்று சந்தேகப்படுவார்கள். விரிசல் நீளவாக்கில் போயிருந்தால் எந்த ஈறு சிகிச்சையும் பலிக்காது.

வெட்டாமல் செய்வது

இதைத் தாண்டி நேராக அறுவைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் படிப்படியாகத்தான் போகச் சொல்கிறது: முதலில் வீட்டில் நாமே செய்யும் பல் சுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது. அடுத்தது ஈறுக்கு அடியில் சுத்தம். அதற்கப்புறமும் ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் அறுவை. கடைசியாக, ஆயுள் முழுக்கப் பராமரிப்பு. கவட்டை திறந்திருப்பது மட்டுமே பல்லை எடுக்கக் காரணம் ஆகாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். முதலில் போன இடத்தில் அளவுகோல் கம்பியைக் கையில்கூட எடுக்காமல் ‘எடுத்துடலாம்’ என்றபோது இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வதை ஸ்கேலிங் அண்ட் ரூட் பிளானிங், டீப் கிளீனிங் என்று சொல்வார்கள். வழக்கமான அரை மணி நேர ஸ்கேலிங் இது இல்லை. ஊசி போட்டு மரக்கவைத்து, வாயில் ஒரு பகுதியாகவோ ஒரு பக்கமாகவோ எடுத்துக்கொண்டு, அல்ட்ராசோனிக் முனையாலும் கையால் சுரண்டும் க்யூரெட்டாலும் வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையை எடுப்பார்கள். கவட்டைக்கென்று மெல்லிய, வளைந்த அல்ட்ராசோனிக் முனைகள் உண்டு, அதைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்கலாம். தண்ணீர் பீய்ச்சும், விர்ரென்ற சத்தம் தலைக்குள் போகும், வலி இருக்காது. எனக்கு எடுத்த ஒரு துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்கள்: கடுகு அளவு, கரி மாதிரி கறுப்பு. வெளியே தெரியும் காரை மஞ்சளாக இருக்கும், ஈறுக்குள் இருப்பது ரத்தம் பட்டுப் பட்டு இப்படிக் கறுத்துவிடுமாம்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் அந்தப் பேச்சு சாகவே மாட்டேன் என்கிறது. வீங்கியிருந்த ஈறு வற்றும்போது ஈறு இறங்கும், பல் நீளமாகத் தெரியும், பல்லுக்கு நடுவில் கறுப்பு முக்கோணங்கள் தெரியும், சில்லென்ற தண்ணீர் சுரீர் என்று இழுக்கும். எலும்பு எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தைக் காரை சிமென்ட் மாதிரி பூசி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கூச்சம் சில வாரத்தில் குறையும், அதற்கென்று இருக்கும் பேஸ்டைத் தினமும் போட்டால் சீக்கிரம் குறையும்.

எவ்வளவு பலன்? 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பைகள் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகின்றன. ஒற்றை வேர்ப் பல்லில் இது நன்றாகவே வேலை செய்யும், கவட்டை திறந்த கடைவாய்ப்பல்லில் அந்த அளவுக்கு வராது, காரணம் மேலே சொன்ன ஊசிக் காதுதான். முதல் கிரேடு என்றால் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். இரண்டு, மூன்று என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்துத்தான் சொல்வார்கள். அந்த மூன்று மாதத்தை அவசரப்படுத்தாதீர்கள், ஈறு ஆறி ஒட்ட அவ்வளவு நாள் ஆகும். இன்னொரு காரணமும் உண்டு: நாம் ஒழுங்காகச் சுத்தம் செய்கிற ஆளா இல்லையா என்று அந்த மூன்று மாதத்தில் டாக்டருக்குத் தெரிந்துவிடும். பல்லில் அழுக்கோடு போனால் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள், அது சரியும்கூட.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கலில் போய் ‘ஈறு வீங்கியிருக்கு’ என்று சொன்னால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். காரை அப்படியே இருக்க, வீக்கம் திரும்ப வரும். ஆன்டிபயாட்டிக்கை இந்த நோய்க்கு எல்லாருக்கும் கொடுப்பதில்லை, சிறு வயதிலேயே வேகமாகப் பரவும் வகை மாதிரி சிலருக்கு மட்டும், அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்து. லேசர் விளம்பரங்களையும் பார்த்திருப்பீர்கள். சுத்தம் செய்வதோடு லேசரையும் சேர்த்தால் கூடுதல் பலன் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதால் அதே வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தை வைத்து, பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் நல்ல இன்டர்டென்டல் பிரஷ்ஷாக வாங்கிக்கொள்ளலாம்.

சர்க்கரை இருப்பவர்கள் இந்த இடைவெளியில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எனக்கு ஹெச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.9 இருந்தது, அதை வைத்துக்கொண்டு கத்தி வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இதில் ஒரு நல்ல செய்தி: ஈறைச் சரிசெய்தால் அந்த அளவும் சுமார் 0.3 முதல் 0.4 வரை இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எல்லாவற்றையும் விட வேண்டும். புகைப்பவருக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும், அதனால் நோய் இருப்பதே தெரியாது, செய்த சிகிச்சையும் பாதிதான் ஒட்டும்.

ஈறைத் திறந்து செய்வது

மூன்று மாதம் கழித்து அளந்தபோது என் கீழ்ப்பல்லில் 7 இருந்த இடம் 6 ஆகியிருந்தது, தொட்டால் ரத்தம் வந்தது. ஆழம் 6, அதற்கு மேல் நின்றுவிட்ட இடத்துக்குத்தான் ஃப்ளாப் சர்ஜரி. பெயர் பயமுறுத்தும், விஷயம் இவ்வளவுதான்: மரக்கவைத்து, ஈறைக் கீறி, புத்தகத்தின் அட்டையைத் திறப்பது மாதிரி விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துக்கொண்டே கவட்டைக்குள் சுத்தம் செய்துவிட்டு, அட்டையை மூடித் தைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலியைவிட வாயைத் திறந்தே வைத்திருந்த தாடை வலிதான் பெரிது.

திறந்த பிறகு என்ன செய்வார்கள் என்பது கிரேடைப் பொறுத்தது. முதல் கிரேடும் இரண்டின் ஆரம்பமும் என்றால், கவட்டையின் விளிம்பில் பல்லையும் எலும்பையும் கொஞ்சம் இழைத்து வாசலை அகலமாக்கிவிடுவார்கள், பிரஷ் போகும்படி. இரண்டாவது கிரேடு, அதுவும் கீழ்ப்பல் என்றால், இழந்த எலும்பைக் கொஞ்சமாவது வளர்க்கப் பார்க்கலாம். கவட்டைக்குள் எலும்புத் தூள் வைத்து மேலே மெம்பரேன் என்ற மெல்லிய படலத்தைப் போர்த்துவார்கள், ஈறுத் தசை வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் எலும்புக்கு அவகாசம் கொடுக்க. இப்போது நம் பக்கம் பி.ஆர்.எஃப். அதிகம் செய்கிறார்கள்: நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, வரும் ஜெல்லி மாதிரியான பொருளை உள்ளே வைப்பது. எனக்கு எலும்புத் தூளோடு அதையும் சேர்த்து வைத்தார்கள்.

இங்கே ஒரு விஷயம், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். எலும்புத் தூளில் மாட்டு எலும்பிலிருந்து செய்வது உண்டு, செயற்கையாகச் செய்வதும் உண்டு. மெம்பரேன் பலவும் மாடு அல்லது பன்றியின் கொலாஜனிலிருந்து வருபவை. எம்டோகெயின் என்ற ஜெல் பன்றியின் பல் முளையிலிருந்து எடுத்தது. மதமோ உணவுப் பழக்கமோ இதற்கு இடம் தராது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாற்று இருக்கிறது. செய்து முடித்த பிறகு தெரிந்துகொண்டு மனசு குமைவதில் அர்த்தமில்லை.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். கவட்டை முழுவதும் எலும்பு மூடிவிடும் என்று நினைக்காதீர்கள், இரண்டாவது கிரேடு முதலாவதாக மாறினாலே வெற்றிதான், ஏனென்றால் அதற்கப்புறம் சுத்தம் செய்வது எளிது. மூன்றாவது கிரேடில் எலும்பு வளர்ப்பதை நம்பிப் பணம் கட்டுவது வீண், பலன் கணிக்க முடியாதது. மேல்பல்லில் கன்னப் பக்க வாசல் என்றால் முயன்று பார்க்கலாம், பக்கத்துப் பற்களைப் பார்க்கும் வாசல்களில் கஷ்டம்.

அறுவைக்கு முன்னால் டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை: ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை (நீங்களாக நிறுத்தவும் கூடாது, கொடுத்த டாக்டரைக் கேட்க வேண்டும்), எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கொரு முறை போடும் ஊசி அல்லது வாராந்திர மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன். பி.பி.க்கு அம்லோடிபின் போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், சிலருக்கு அதனாலேயே ஈறு தடித்து வளரும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம், கொப்பளிக்கவே வேண்டாம், எச்சிலைக் காறித் துப்பவும் வேண்டாம். ஆறின தயிர் சாதம், இட்லி, கஞ்சி, மறுபக்கமாக மென்று. மேலே இளஞ்சிவப்பாக ஒரு பசை ஒட்டி அனுப்பியிருந்தால் அது பாதுகாப்புக்கு, துண்டாக உடைந்து விழுந்தால் பதற வேண்டாம், போன் செய்து சொன்னால் போதும். இரண்டு வாரம் வரை அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது என்பார்கள், அதற்குப் பதில் குளோர்ஹெக்சிடின் வைத்துக் கொப்பளிக்கச் சொல்வார்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்ததும் உடனே அதைக் கொப்பளித்தால் அதன் வேலை கெடும், அரை மணி நேரம் விட்டுச் செய்யுங்கள். பல்லில் காபிக் கறை மாதிரி பிடிக்கும், நாக்கு ருசி கொஞ்ச நாள் குழம்பும், என் வீட்டு ரசத்தில் உப்பே இல்லை என்று நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். பயன் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தொடர வேண்டாம். தையல் ஒன்று, இரண்டு வாரத்தில் பிரிப்பார்கள். எலும்புத் தூள் வைத்திருந்தால் அந்த இடத்தில் ஆறு மாதத்துக்குக் கம்பி விட்டு அளக்க மாட்டார்கள்.

வேரை வெட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும்

மூன்றாவது கிரேடுக்கு வேறு யோசனை. கவட்டையை மூட முடியாது என்றால் இன்னும் திறந்துவிடலாம், தினமும் பிரஷ் நுழைகிற அளவுக்கு. இதுதான் டனல். கீழ்ப்பல்லுக்கு, வேர்கள் நன்றாக விரிந்திருந்தால் மட்டும் சரிப்படும். ஈறைக் கீழே இறக்கித் தைத்து, கவட்டையை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள், அப்புறம் அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு பக்கம் பிரஷ் விட்டு மறுபக்கம் எடுக்கலாம். பார்ப்பதற்கு விநோதமாக இருக்கும், வேலை செய்யும். ஆபத்து சொத்தை: வேருக்கு எனாமல் கிடையாது, சுத்தம் தவறினால் சுரங்கத்தின் கூரையிலேயே சொத்தை விழும்.

இன்னொன்று, கெட்ட வேரை மட்டும் வெட்டி எடுப்பது. மேல்பல்லில் மூன்றில் ஒரு வேர் மட்டும் மோசமாக இருந்தால் அதை எடுத்துவிட்டு மற்ற இரண்டில் பல்லை நிறுத்தலாம். கீழ்ப்பல்லை நடுவில் பிளந்து பாதியை எடுக்கலாம், அல்லது இரண்டு பாதியையும் வைத்துக்கொண்டு இரண்டு சின்னப் பல்லாக்கிக் கேப் போடலாம். எதைச் செய்தாலும் ரூட் கெனாலும் செய்தாக வேண்டும், கேப்பும் வேண்டும், செலவு அடுக்கிக்கொண்டே போகும். 1981-இல் வெளியான ஒரு ஆய்வில் இப்படி வேர் வெட்டிய 100 கடைவாய்ப்பற்களைப் பத்து வருஷம் பார்த்ததில் 38 தோற்றுப்போயின, பெரும்பாலானவை ஐந்து வருஷத்துக்குப் பிறகு, அதில் நிறைய வேர் உடைந்து. ஈறு நோய் திரும்பி வந்து போனவை குறைவு. தூக்கத்தில் பல் கடிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது என்று நான் புரிந்துகொண்டேன்.

எப்போது விட்டுவிடலாம்

என் மேல்பல் இரண்டாவது கடைவாய்ப்பல். கவட்டை இரண்டு பக்கமும் திறந்து, ஆழம் 9, அழுத்தினால் மேலும் கீழும் ஆடியது. அங்கே பிரஷ் நுழைக்க வேண்டும் என்றால் வாயைக் கிழித்துக்கொண்டால்தான் உண்டு. அதை எடுக்கச் சொன்னபோது நான் கேள்வியே கேட்கவில்லை. எலும்பு வேர் நுனி வரை போய்விட்டது, மேலும் கீழும் ஆடுகிறது, வேரில் விரிசல், எதிரே கடிக்கப் பல்லே இல்லை, ஞானப்பல் என்றெல்லாம் இருந்தால் எடுத்துவிடுவது பக்கத்துப் பல்லுக்கே நல்லது. மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று என் அத்தை இன்றைக்கும் சொல்கிறார், போகாது.

எடுத்த இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்தால் கதை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. ஈறு நோயால் பல்லை இழந்தவருக்கு இம்ப்ளாண்டைச் சுற்றியும் அதே மாதிரி எலும்பு கரைகிற அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இரண்டாவது கடைவாய்ப்பல் என்றால் ஒன்றும் வைக்காமல் விட்டாலும் பலர் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுபக்கம், கவட்டை திறந்த பல் என்றாலே போகப்போகிற பல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சிகிச்சை முடிந்து ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்த 600 பேரைச் சராசரியாக 22 வருஷம் தொடர்ந்து பார்த்தது. அவர்களுடைய கவட்டை திறந்த பற்களில் அத்தனை வருஷத்தில் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

தினமும் இரவில்

‘ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்த’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் வீட்டில் இப்போது கண்ணாடி முன்னால் மூன்று பிரஷ் இருக்கிறது. மென்மையான சாதா பிரஷ், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து. ஒரே ஒரு கொத்து முடி மட்டும் இருக்கும் சின்ன பிரஷ், கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்கும் கவட்டை வாசலுக்கும். அப்புறம் இன்டர்டென்டல் பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் பொம்மை மாதிரி இருக்கும். அதன் அளவை நாமாக ஊகித்து வாங்கக் கூடாது, டாக்டரிடமே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்: கம்பி பல்லில் உரசாமல், முடி மட்டும் இறுக்கமாக உரசிப் போக வேண்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே அளவு சரிவராது, எனக்கு இரண்டு அளவு. கீழ்ப்பல்லின் கன்னப் பக்கக் கவட்டைக்கு, வாயை முழுசாகத் திறக்காமல் பாதி மூடி, கன்னத்தை விரலால் இழுத்துக்கொண்டு, பிரஷ்ஷைக் கொஞ்சம் வளைத்து மேலிருந்து சரிவாக நுழைக்க வேண்டும். வாயைப் பெரிதாகத் திறந்தால் கன்னம் இறுகிக்கொண்டு இடமே இருக்காது, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் ரத்தம் வரும், நிறுத்தக் கூடாது. உப்பு, சாம்பல், செங்கல்தூள் கலந்த பல்பொடி எல்லாம் வெளியே தெரிகிற வேரைத் தேய்த்துத் தின்றுவிடும், தொடவே வேண்டாம்.

மூன்று, நான்கு மாதத்துக்கொரு முறை போய் அளந்து, தேவையான இடத்தில் மட்டும் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் எண்களை எழுதிய தாளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், டாக்டர் மாறினாலும் எண் கையில் இருக்குமே என்று. போன மாதம் ஃபோர் சிக்ஸில் கன்னப் பக்கம் 4, ரத்தம் இல்லை. நாக்குப் பக்கம் ஒரு இடத்தில் 5, லேசாக ரத்தம். இப்போது இரவில் அந்தப் பக்கத்துக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகப் போகிறது.